டெட்ராய்ட் மேயரும், 1909 வரைக்கும் போன ஒரு கான்ட்ராக்ட்டும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திக்கல்களையும் திரும்பத் திரும்ப வந்த 'ஆக்சுவலி'களையும் எடுத்துவிட்டேன். சிலது தப்பியிருக்கலாம்.)

இந்த வாரம் 1890-கள்ல அமெரிக்காவுக்குப் போறோம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஆபீஸ் புலம்பல்.

எங்க டீம் நாலு வருஷமா ஒரு வெளி நிறுவனத்தோட மென்பொருளை வாடகைக்குப் பயன்படுத்துது. மெதுவா ஓடும், அடிக்கடி விழும், விலை மட்டும் வருஷா வருஷம் ஏறும். இதை மாத்திடலாம்னு முடிவு பண்ணி, என்னைப் பொறுப்பா போட்டாங்க. எவ்வளவு கோடு மாத்தணும், எத்தனை நாள் ஆகும்னு கணக்கெல்லாம் போட்டு முடிச்சிட்டு, கடைசியாத்தான் கான்ட்ராக்ட்டை வாங்கிப் பார்த்தேன். இன்னும் மூணு வருஷத்துக்கு ஏற்கெனவே நீட்டிச்சு வச்சிருக்காங்க. கையெழுத்துப் போட்டவர் வேலையை விட்டுப் போயே ரெண்டு வருஷம் ஆச்சு.

அந்தக் கடுப்புல இருந்த ராத்திரிதான் ஹேஸன் பிங்ரீயைப் பத்திப் படிச்சேன். 1890-லிருந்து 1897 வரைக்கும் டெட்ராய்ட் நகரத்தோட மேயர். இவரோட பிரச்சினையும் ஒரு கான்ட்ராக்ட்தான். அதுவும் அவர் வர்றதுக்கு 11 வருஷம் முன்னாடி, யாரோ நீட்டிச்சு வச்சிட்டுப் போனது.

டெட்ராய்ட்னதும் உங்களுக்கு கார் ஞாபகம் வரும். அதை மறந்துடுங்க. கார் இன்னும் வரவில்லை. அப்போது அது அடுப்பு, ரயில் பெட்டி, மருந்து, புகையிலை, ஷூ எல்லாம் செய்கிற ஊர். 1880-ல் மக்கள்தொகை சுமார் 1,16,000. 1890-ல் 2,05,000-ஐத் தாண்டிவிட்டது. பத்தே வருஷத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வந்தவர்களில் நிறைய பேர் ஜெர்மானியர்கள், போலந்துக்காரர்கள், ஐரிஷ்காரர்கள்.

ஒரு ஊர் இப்படி வீங்கும்போது என்னென்ன வேணும்? ரோடு, தெருவிளக்கு, டிராம், எரிவாயு. இதையெல்லாம் நகராட்சி தானே செய்யாது. தனியார் கம்பெனியைக் கூப்பிட்டு, 'எங்க தெருவை இத்தனை வருஷத்துக்கு நீங்க பயன்படுத்திக்கலாம்'னு உரிமம் கொடுக்கும். ஃப்ரான்சைஸ்னு சொல்வாங்க. பிரியாணிக் கடை ஃப்ரான்சைஸ் இல்லை. ஊரோட தெருவையே குத்தகைக்கு விடுறது. அதைக் கொடுக்கிற அதிகாரம் கவுன்சிலர்கள் கையில். அந்தக் கவுன்சிலர்களைக் 'கவனிச்சுக்கிற' வேலையை கம்பெனிகள் ரொம்ப நல்லாவே செய்தன. நமக்கு இதை விளக்கத் தேவையில்லைன்னு நினைக்கிறேன்.

இப்போ ஆள் யாருன்னு பார்க்கலாம். பிங்ரீ 1840-ல் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே தொழிற்சாலை வேலைக்குப் போய், தோல் வெட்டுகிற வேலை கற்றுக்கொண்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்தார். 1864-ல் பிடிபட்டு, ஆண்டர்சன்வில் என்கிற கொடுமையான கைதி முகாமில் கிடந்தார். கைதிகளைப் பரிமாறிக்கொள்ளும்போது, பெயர் வாசிக்கையில் வேறொருத்தர் பெயருக்கு 'உள்ளேன்'னு சொல்லி வெளியே வந்தவர். நம்ம காலேஜ் ப்ராக்ஸிதான், ஆனா உயிர் பிழைக்கிறதுக்காக.

போர் முடிந்ததும் டெட்ராய்ட்டுக்கு வந்து, ஒரு நண்பரோடு சேர்ந்து 1866-ல் சின்ன ஷூ பட்டறை ஒன்றை வாங்கினார். இருபது வருஷத்தில் அது 700 பேருக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலை. இந்த விவரம் எனக்கு முக்கியம். ஒரு ஜோடி ஷூவுக்குத் தோல் எவ்வளவு, நூல் எவ்வளவு, கூலி எவ்வளவு, கடைசியில் அடக்க விலை என்ன என்று கணக்குப் பார்த்தே வளர்ந்த ஆள் இவர். பின்னால் அவர் போட்ட சண்டைகளில் பெரும்பாலானவை 'இதோட அடக்க விலை என்ன?' என்கிற ஒரே கேள்வியில்தான் ஆரம்பித்தன.

1889-ல் குடியரசுக் கட்சிப் பணக்காரர்கள் சேர்ந்து இவரை மேயர் தேர்தலில் நிறுத்தினார்கள். அவருக்குப் பெரிய விருப்பம் இல்லை. அவர்கள் கணக்கு எளிமையானது: நம்மில் ஒருத்தர், வியாபாரி, கை சுத்தம். வந்தால் செலவைக் குறைப்பார், வரி குறையும். இவரும் முதலில் அப்படித்தான் நினைத்திருக்கிறார். நேர்மையான நாலு பேர் பதவிக்கு வந்தால் ஊர் சரியாகிவிடும் என்று.

முதல் வருஷங்களில் இது வேலையும் செய்தது. டெட்ராய்ட் ரோடுகள் அப்போது தேவதாரு மரக்கட்டைகளைப் பதித்துப் போட்டவை. கீழே பலகை, மணல், மேலே வட்டமான கட்டை. மழையில் அழுகும், வெயிலில் சில நேரம் தீப்பிடிக்கும். ஆமா, ரோடு தீப்பிடிக்கும். இவர் காண்ட்ராக்டர்களோடு மல்லுக்கட்டி, அடியில் கான்கிரீட், மேலே செங்கல் அல்லது தார் என்று மாற்ற ஆரம்பித்தார். சில வருஷத்தில் நல்ல ரோடு உள்ள ஊர் என்று பெயர் வந்தது. 1896 மார்ச்சில் சார்லஸ் கிங் என்கிற எஞ்சினியர் டெட்ராய்ட் தெருவில் முதல் காரை ஓட்டினார், அதே வருஷம் ஜூனில் ஹென்றி ஃபோர்டு தன் வண்டியை ஓட்டினார். அந்த ரோடு விஷயத்தில் பணக்கார நண்பர்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்கள் எதிர்பார்த்த சீர்திருத்தம் இதுதான்.

டிராமில்தான் உறவு முறிந்தது.

1890-லும் டெட்ராய்ட்டின் முக்கியமான டிராம்களைக் குதிரைகள்தான் இழுத்தன. மற்ற ஊர்களில் மின்சார டிராம் வந்துவிட்டது. இந்த கம்பெனிக்கு அவசரம் இல்லை, ஏனென்றால் போட்டி இல்லை. 1891 ஏப்ரலில், சங்கம் வைத்ததற்காகத் தொழிலாளர்களை வேலையை விட்டு நீக்கினார்கள். வேலைநிறுத்தம் வெடித்தது. ஊரே தொழிலாளர்கள் பக்கம் நின்றது. டிராம் ஓடவிடாமல் தண்டவாளத்தில் தடை போட்டார்கள். கம்பெனி மேயரிடம் வந்து, ராணுவப் படையைக் கூப்பிடுங்க என்றது. அந்தக் காலத்தில் எந்த மேயரும் உடனே செய்கிற வேலை அது. பிங்ரீ மறுத்துவிட்டார். உட்கார்ந்து பேசுங்க என்றார். கம்பெனி இறங்கி வந்தது.

அதே வருஷம் கவுன்சில் இந்த கம்பெனிக்கே இன்னும் 30 வருஷ உரிமம் கொடுக்கப் பார்த்தது. பிங்ரீ வீட்டோ போட்டார். அதுக்கு அப்புறம்தான் அவர் கான்ட்ராக்ட்டை எடுத்து ஒழுங்காகப் பார்க்கிறார். (இங்கேதான் நான் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன்.)

டிராமுக்கு முதலில் கொடுத்த உரிமம் 30 வருஷம். 1893-ல் முடிய வேண்டும். ஆனால் 1879-லேயே, முடிய 14 வருஷம் இருக்கும்போதே, அப்போதைய கவுன்சில் அதை 1909 வரைக்கும் நீட்டித்துவிட்டிருந்தது. அந்த 1879 கவுன்சிலை யாரும் இனிமேல் தேர்தலில் தோற்கடிக்க முடியாது. அவர்கள் ஏற்கெனவே பதவியில் இல்லை. நீங்க எவ்வளவு நல்லவரைத் தேர்ந்தெடுத்தாலும், அவர் கையில் இருக்கிற ஊரில் பாதி ஏற்கெனவே குத்தகைக்குப் போயிருக்கும்.

நகரத்தோட வக்கீல்கள் ஒரு நல்ல பாயின்ட்டைப் பிடித்தார்கள். மிச்சிகன் சட்டப்படி அந்த கம்பெனியோட ஆயுளே 30 வருஷம்தான். 1893-ல் கம்பெனியே இருக்காது. இல்லாத கம்பெனிக்கு 1909 வரைக்கும் உரிமை எப்படி இருக்கும்? மரியாதை ராமன் கதை மாதிரி இருக்கு இல்ல? 1893-ல் ஒரு கூட்டாட்சி நீதிபதி இதை ஏற்றுக்கொண்டார். அவர் பெயர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட். பின்னால் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர். டெட்ராய்ட்டில் கொண்டாட்டம்.

அடுத்த வருஷமே மேல்முறையீட்டில் தீர்ப்பு தலைகீழானது. ஆயுள் குறைவான கம்பெனியும் அதைவிட நீண்ட காலத்துக்கு உரிமை வாங்கலாம், அதை இன்னொரு கம்பெனிக்கு விற்கவும் செய்யலாம், உரிமம் என்பது சொத்து என்று. நீங்க 80 வயசில் நிலம் வாங்கினா, நீங்க போனதும் நிலம் காணாமப் போயிடாது இல்லையா? அந்த மாதிரி. சட்டமாப் பார்த்தா எனக்கே அது சரின்னுதான் தோணுது. அதான் எரிச்சல்.

பிங்ரீ அடுத்து செய்ததுதான் எஞ்சினியர் மூளை. பழைய சிஸ்டத்தை நீக்க முடியலைன்னா, பக்கத்திலேயே புதுசு ஒண்ணை ஓட விடு. பழைய கம்பெனியின் தண்டவாளம் இல்லாத தெருக்களில் புதிய கம்பெனி ஒன்றுக்கு உரிமம் கொடுக்க வைத்தார். ஒரு நிபந்தனையோடு: வழக்கமான கட்டணம் 5 சென்ட், ஆனால் இங்கே பகலில் 25 சென்ட்டுக்கு 8 டிக்கெட். அதாவது ஒரு பயணம் சுமார் 3 சென்ட். 1895-ல் வண்டி ஓட ஆரம்பித்தது. தினம் போக வர டிராமில் போகிற ஒரு தொழிலாளிக்கு 2 சென்ட் வித்தியாசம் சின்னதில்லை.

இதே நேரத்தில் விளக்கிலும் இதே வேலை. மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 6 லட்சம் டாலர் கடன் பத்திரம் போட்டு, நகரத்துக்குச் சொந்தமான மின் நிலையம் கட்டினார். 1895-ல் அது தெருவிளக்குகளை ஏற்றியது. வீட்டுக்கு மின்சாரம் விற்க அதற்கு அனுமதி கிடையாது, தெருவிளக்கும் பொதுக் கட்டடங்களும் மட்டும்தான். ஆனால் அதனால் ஒரு பெரிய லாபம்: விளக்கு எரிய உண்மையில் எவ்வளவு செலவாகும் என்று நகராட்சிக்கே இப்போது தெரியும். எரிவாயு கம்பெனிகளோடும் சண்டை, அங்கேயும் விலை இறங்கியது.

1894 ஆகஸ்ட்டில் பள்ளி வாரியக் கூட்டத்துக்குள் நேராகப் போனார். லஞ்சம் வாங்கியவர்கள் ராஜினாமா செய்யுங்க, இல்லைன்னா கைது என்றார். யாரும் அசையவில்லை. பெயரை வாசித்தார், கையோடு கூட்டி வந்திருந்த போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. இதைப் படமா எடுத்தா இடைவேளைக் காட்சி இதுதான்.

சரி, நண்பர்கள்? டிராம் கம்பெனியில், எரிவாயு கம்பெனியில், வங்கியில் பங்கு வைத்திருந்தவர்கள் யாரோ தூரத்து வில்லன்கள் இல்லை. இவரை மேயர் ஆக்கிய அதே வட்டாரம். பத்திரிகைகள் அவர் பேச்சைப் போடாமல் ஒதுக்கியபோது, நகராட்சிக் கட்டடத்து வாசலில் பலகை வைத்து அதில் செய்தி ஒட்டினார். 1895-ல் தன் அனுபவங்களை ஒரு புத்தகமாகவே போட்டார். தலைப்பை ஏறக்குறைய 'உண்மைகளும் கருத்துகளும், அல்லது நம்மைச் சூழ்ந்திருக்கும் ஆபத்துகள்' என்று சொல்லலாம். லஞ்சம் வாங்குகிற கவுன்சிலரை எல்லோரும் திட்டுகிறார்கள், கொடுக்கிற கனவானை யாரும் எதுவும் சொல்வதில்லை என்கிற கோபம் அவரிடம் கடைசி வரை போகவில்லை.

வரலாற்றாசிரியர் மெல்வின் ஹோலி 1969-ல் பிங்ரீயைப் பற்றி எழுதிய புத்தகத்தில் ஒரு பிரிவினை செய்கிறார். ஒரு வகைச் சீர்திருத்தக்காரர் நிர்வாகத்தை மாற்றுவார்: விதிமுறை, கணக்கு, சிக்கனம். இன்னொரு வகை, மக்களோட செலவை மாற்றுவார்: டிராம் கட்டணம், விளக்கு, எரிவாயு. பிங்ரீ முதல் வகையாக உள்ளே வந்து, இரண்டாவது வகையாக மாறியவர்.

இவ்வளவு சொல்லிட்டு உருளைக்கிழங்கைச் சொல்லலைன்னா தப்பு. இன்னைக்கும் அமெரிக்காவில் பிங்ரீன்னா உருளைக்கிழங்குதான்.

1893-ல் பெரிய பொருளாதார வீழ்ச்சி. வங்கிகள் மூடின, தொழிற்சாலைகள் மூடின. டெட்ராய்ட்டில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலை இல்லை. நகரத்தின் ஏழை நிவாரண நிதி கரைந்துகொண்டிருந்தது. பிங்ரீ ஊருக்கு வெளியே பார்த்தார். விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்டு சும்மா கிடந்த நிலம், ஏக்கர் ஏக்கராக. நம்ம ஊர்ல ரிங் ரோடு பக்கத்துல கல்லு நட்டு, பேர் எழுதி, முள்ளு மண்டிக் கிடக்குமே, அதேதான். 1894-ல் சொந்தக்காரர்களிடம் கேட்டு அந்த நிலத்தைத் தற்காலிகமாக வாங்கி, உழுது, விதை கொடுத்து, குடும்பத்துக்கு கால் ஏக்கரிலிருந்து அரை ஏக்கர் வரை பிரித்துக் கொடுத்தார். நம்ம கணக்கில் 25-லிருந்து 50 சென்ட். (டிராம் சென்ட் வேற, இந்த சென்ட் வேற. எடிட் பண்ணும்போது நானே குழம்பிட்டேன்.) எப்படிப் பயிரிடுவது என்ற குறிப்பை ஆங்கிலம், ஜெர்மன், போலிஷ் என்று மூன்று மொழியில் அச்சடித்தார்கள்.

ஊர் சிரித்தது. பணம் கேட்டு தேவாலயங்களுக்குக் கடிதம் போட்டார். அவ்வளவு பெரிய ஊரின் தேவாலயங்களிலிருந்து வந்தது 13 டாலர் 80 சென்ட். தன்னுடைய குதிரையை ஏலம் விட்டு, அந்தப் பணத்தைப் போட்டார். கேலிச்சித்திரங்களில் அவர் தலையே உருளைக்கிழங்கு.

முதல் வருஷம் சுமார் 430 ஏக்கர், 945 குடும்பங்கள். திட்டத்துக்கு ஆன செலவு சுமார் 3,600 டாலர். விளைந்ததன் மதிப்பு 12,000-லிருந்து 14,000 டாலர். உருளைக்கிழங்கு மட்டுமில்லை, பீன்ஸ், டர்னிப் எல்லாம். நியூயார்க், பஃபலோ என்று மற்ற ஊர்களும் அடுத்த வருஷமே காப்பி அடித்தன. 1930-களின் பெருமந்தத்தில் டெட்ராய்ட் மேயர் ஃபிராங்க் மர்ஃபி இதே யோசனையைத் தூசி தட்டி எடுத்தார்.

எனக்கு இதில் பிடித்தது வேறு விஷயம். டிராம் உரிமத்தை அவரால் ரத்து செய்ய முடியவில்லை. இந்த நிலத்தையும் அவர் யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை, பிடுங்கவும் முடியாது. சும்மா கிடக்கிறவரை கொடுங்க என்று கேட்டு வாங்கினார். விலை ஏறியதும் நிலம் சொந்தக்காரருக்கே போகும். உருளைக்கிழங்கு எல்லோருக்கும் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அது யாருடைய கான்ட்ராக்ட்டையும் தொடவில்லை. சிரித்தவர்களே கடைசியில் பாராட்டினார்கள். டிராம் விஷயத்தில் மட்டும் அவர்கள் மனம் மாறவே இல்லை.

இவர் ஒண்ணும் உத்தமர் இல்லைங்கிறதையும் சொல்லணும். நான்கு தடவை மேயராக ஜெயித்தவர், 1896-ல் மிச்சிகன் ஆளுநர் தேர்தலிலும் ஜெயித்தார். ஜெயித்துவிட்டு, ரெண்டு பதவியையும் வைத்துக்கொள்வேன் என்று பிடிவாதம் பிடித்தார். மாநில உச்ச நீதிமன்றம் 1897-ல் முடியாது என்றது. ஆளுநராக இருந்த கடைசிக் காலத்தில் ராணுவச் சீருடை விற்பனையில் ஒரு மோசடி வெளியே வந்தது. சிக்கியவர்கள் அவர் நியமித்த ஆட்கள். போகும்போது அவர்களுக்கு மன்னிப்பு கொடுத்துவிட்டுப் போனார். பள்ளி வாரியத்தில் போலீஸோடு நுழைந்த அதே மனிதர். இதை எப்படி விளக்குவதென்று யோசித்துப் பார்த்தேன். விளக்கம் தேடாமல் அப்படியே வைத்துவிடுவதுதான் நேர்மை.

டிராம் என்ன ஆச்சு? பிங்ரீ ஆளுநர் ஆன பிறகு, நகரமே டிராமை வாங்கலாம் என்று சட்டம் கொண்டுவந்தார். 1899-ல் மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. 3 சென்ட் கம்பெனியும் பழைய கம்பெனியும் மெல்ல மெல்ல ஒன்றாகி, 1900 கடைசியில் டெட்ராய்ட் யுனைடெட் ரயில்வே என்று ஒரே நிறுவனம் ஆனது. போட்டிக்காகக் கொண்டு வந்த கம்பெனியை, போட்டியாளரே விழுங்கிவிட்டது. டெக் உலகத்தில் இருக்கிறவங்களுக்கு இந்தக் கதை புதுசில்லை.

சில மாசத்தில், 1901 ஜூன் 18 அன்று, ஆப்பிரிக்கப் பயணம் முடித்துத் திரும்பும் வழியில் பிங்ரீ லண்டனில் இறந்தார். வயது 60. டெட்ராய்ட் நகரம் டிராமைக் கடைசியில் சொந்தமாக்கியது 1922-ல், ஜேம்ஸ் கவுசன்ஸ் மேயராக இருந்தபோது. 1909-க்கும் 13 வருஷம் தள்ளி.

1904-ல் கிராண்ட் சர்க்கஸ் பூங்காவில் பிங்ரீக்குச் சிலை வைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வுட்வர்டு அவென்யூவுக்கு அந்தப் பக்கம், அவருக்கு அடுத்து மேயரான வில்லியம் மேபரியின் சிலை. நடுவில் ரோடு. இப்போ அந்த ரோட்டில் மறுபடியும் டிராம் ஓடுது.

இன்னொரு ஆளை வேணும்னே விட்டு வச்சிருக்கேன். பிங்ரீ மல்லுக்கட்டிய அந்தப் பழைய டிராம் கம்பெனியை நடத்த வந்தவர் டாம் ஜான்சன். 3 சென்ட் கட்டணத்தை டெட்ராய்ட்டில் எதிர்த்தவர். அதே ஜான்சன் 1901-ல் கிளீவ்லாந்து மேயர் ஆனார். ஆனதும் பிடித்த முதல் பெரிய சண்டை, டிராம் கட்டணம் 3 சென்ட் ஆகணும்னு. எதிராளியாக இருந்து பாடம் படித்தவர். அடுத்த எபிசோட் அவர்தான்.

எங்க ஆபீஸ் கான்ட்ராக்ட் பத்திக் கேட்பீங்க. சட்டக் குழுவுக்கு மெயில் போட்டிருக்கேன். ஒப்பந்தத்தைப் பார்த்துட்டுச் சொல்றோம்னு ஒரு வரி பதில் வந்திருக்கு.